சேலத்து வெயிலும் சைபீரிய நாயும்

வீட்டில் ஒரு நாய் வளர்க்க வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு உண்டு. ஆண்டுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும் அந்த ஆசை வலுத்துவிடும். அப்பாவின் கைப்பேசியில் நாய்க்குட்டிகளின் படங்களைப் பார்க்கிறீர்கள். நீலக் கண்ணும் அடர்ந்த மயிரும் கொண்ட ஹஸ்கி, சப்பை முகத்துடன் பரிதாபமாகப் பார்க்கும் பக், கன்றுக்குட்டி அளவுள்ள செயின்ட் பெர்னார்டு என்று ஒன்றை விட ஒன்று அழகாகத் தெரிகிறது. 'எந்த ஜாதி நாய் வாங்கலாம்?' என்று வீட்டில் விவாதம் தொடங்குகிறது.

விலை என்ன, கடிக்குமா, எவ்வளவு சாப்பிடும், பக்கத்து வீட்டில் என்ன நாய் இருக்கிறது என்பதெல்லாம் அந்த விவாதத்தில் வரும். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி பெரும்பாலும் வருவதே இல்லை. மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த நாய் இருக்கப்போகும் இடத்தில் வெப்பநிலை எவ்வளவு இருக்கும்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நாய் வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

இயற்பியல் கற்பிப்பவருக்கு நாயைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று நீங்கள் நினைக்கலாம். நாயின் குணம், நோய், உணவு ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் வெப்பம் எங்கிருந்து எங்கே பாயும், எப்போது பாய மறுக்கும் என்பது எங்கள் பாடம். நாயும் அந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டதே.

சேலம், நாமக்கல் சமவெளியைப் பாருங்கள். கடல் வெகு தொலைவு. சேர்வராயன் மலை, கொல்லி மலை, கஞ்சமலை என்று சுற்றிலும் குன்றுகள். ஏப்ரல், மே மாதங்களில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதும் தாண்டுவதும் இங்கே புதிதல்ல. (ஏற்காட்டில் வசிக்கும் மாணவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்களுக்கு இக்கட்டுரையின் பாதி பொருந்தாது.)

இந்த வெயில் உயிர்களை என்ன செய்யும் என்பதை நாமக்கல் மாணவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சித்திரை மாதத்துப் பகலில் கோழிப்பண்ணைக்குள் நுழைந்தால், கோழிகள் இறக்கையை உடலிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சிரைப்பதைக் காணலாம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. ஆகவே பண்ணையாளர்கள் கூரை மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். தீவனம் போடும் நேரத்தை மாற்றுகிறார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள வானிலை மையம் வரும் நாள்களின் வெப்பநிலையைக் கணித்துப் பண்ணையாளர்களுக்குச் சொல்லும் ஆலோசனை நாளிதழ்களில் வெளிவருகிறது. ஒரு கோழிக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கும் மண் இது. இதே மண்ணில் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு அதன் கீழ் ஹஸ்கியைக் கட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. வேடிக்கை என்று சொல்வதும் தவறு.

நாயும் இவ்வகையில் கோழியைப் போன்றதே. பாதத்தின் அடியில் சிறிது வியர்க்கும். மற்றபடி நம்மைப் போல உடல் முழுவதும் வியர்த்துக் குளிரும் வசதி அதற்கு இல்லை. நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.5 டிகிரி. 41 டிகிரிக்கு மேல் ஏறினால் வெப்ப அதிர்ச்சி ஏற்படும். மூளையும் சிறுநீரகமும் கெடத் தொடங்கும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. 25 கிலோ எடையுள்ள நாய் ஒன்றும் செய்யாமல் சும்மா படுத்திருந்தாலே அதன் உடலில் ஏறத்தாழ 40 வாட் வெப்பம் உண்டாகிறது. அதாவது பழைய குண்டு பல்பு ஒன்று அதன் வயிற்றுக்குள் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வெப்பம் வெளியேறியாக வேண்டும். கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்று வழிகளை எட்டாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். இம்மூன்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் பாயும். சுற்றியுள்ள காற்றும் சுவரும் தரையும் நாயின் உடலை விடச் சூடாக இருந்தால் இந்த மூன்று கதவுகளும் மூடிக்கொள்வதோடு நில்லாமல், வெளி வெப்பத்தை உள்ளே விடவும் தொடங்கும். மீதியிருப்பது ஒரே வழி, நீர் ஆவியாதல்.

ஒரு கிராம் நீர் உடல் வெப்பநிலையில் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். 40 வாட் என்பது விநாடிக்கு 40 ஜூல். வகுத்துப் பாருங்கள். மணிக்கு 60 கிராம் நீர் ஆவியானால்தான் அந்த நாய் தன் வெப்பநிலையைக் காக்க முடியும். அதுவும் சும்மா படுத்திருந்தால்!

ஆவியாதலும் நடக்கவில்லை என்றால் என்ன ஆகும்? உடலின் தன்வெப்பம் கிலோவுக்கு, டிகிரிக்கு ஏறத்தாழ 3,500 ஜூல். 25 கிலோ நாயின் வெப்பநிலை ஒரு டிகிரி உயர 87,500 ஜூல் போதும். 40 வாட் வீதத்தில் இது சேர 36 நிமிடம் ஆகும். 38.5 டிகிரியிலிருந்து 41 டிகிரியை எட்ட ஒன்றரை மணி நேரம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரை வெயிலில் நிறுத்தி, நாயை உள்ளே விட்டுக் கடைக்குப் போனால் இதை விடவும் விரைவாகவே முடிந்துவிடும். அங்கே வெளியிலிருந்தும் வெப்பம் ஏறுகிறது அல்லவா?

நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பது இந்த ஆவியாதலுக்காகத்தான். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 30 முறை மூச்சு விடும் நாய், இரைக்கும்போது 300 முறைக்கும் மேல் விடுகிறது. இவ்வளவு வேகமாக நெஞ்சுக்கூட்டை அசைத்தால் அந்த வேலையே புதிய வெப்பத்தை உண்டாக்கிவிடாதா? நல்ல கேள்வி. இதற்கு 1962 ஆம் ஆண்டில் கிராஃபோர்டு என்ற ஆய்வாளர் விடை கண்டார். நாயின் நெஞ்சுக்கூட்டுக்கு இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. விநாடிக்கு ஏறத்தாழ ஐந்து. நாய் சரியாக அந்த அதிர்வெண்ணிலேயே இரைக்கிறது. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு விரலே போதும் என்பது போல, ஒத்ததிர்வால் மிகக் குறைந்த உழைப்பில் அதன் வேலை முடிகிறது. ஒத்ததிர்வுக்கு எடுத்துக்காட்டாகப் பாலத்தின் மீது படை வீரர்கள் நடந்த கதையை எத்தனை ஆண்டுகள்தான் சொல்வது? தெருவில் படுத்திருக்கும் நாயைக் காட்டலாம்.

1970 ஆம் ஆண்டில் ஷ்மிட்-நீல்சன் குழுவினர் இன்னொன்றைக் கண்டறிந்தனர். இரைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கால் உள்ளிழுத்து வாயால் வெளிவிடுகிறது. மூக்கினுள்ளே சுருள் சுருளாக மடிந்த மெல்லிய எலும்புகளும் அவற்றைப் போர்த்திய ஈரமான சவ்வும் உள்ளன. அங்கேதான் பெரும்பகுதி நீர் ஆவியாகிறது. மூக்கால் வெளிவிட்டிருந்தால் அந்த வெப்பத்தில் ஒரு பகுதி மீண்டும் சவ்வுக்கே திரும்பியிருக்கும். ஆக, நாக்கு நமக்குத் தெரியும் பகுதிதான். நாயின் உண்மையான குளிர்விப்பான் அதன் நீண்ட மூக்கு.

இனி, மூக்கே இல்லாத பக் நாயை நினைத்துப் பாருங்கள். 2003 ஆம் ஆண்டில் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் சிறுவன் ஒருவனின் பின்னால் ஒரு பக் நாய் ஓடியது. அதைப் பார்த்து நாடெங்கும் பக் வாங்கினார்கள். பார்க்க இனிய விளம்பரம்தான். ஆனால் அந்த முகம் இயற்கையில் அமைந்ததன்று. மனிதன் அழகு கருதித் தலைமுறை தலைமுறையாகக் குறுக்கி எடுத்தது. எலும்பு குறுகியது, உள்ளிருக்கும் சதை அந்த அளவுக்குக் குறுகவில்லை. எனவே மூச்சுவழி நெருக்கடியாகிவிட்டது. ஒரு மெல்லிய குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் அதன் வழியே செல்லும் பாய்மம் பதினாறில் ஒரு பங்காகும் என்பது பாய்சொய் விதி. நாயின் மூச்சுவழி சீரான குழாயன்று. விதியை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் சிறிதளவு குறுகினாலும் இழப்பு பெரிது என்பது மட்டும் உறுதி. பக் நாயின் குறட்டையைக் கேட்டுச் சிரிக்கிறோம். அது மூச்சுக்குப் போராடும் ஒலி.

ஹஸ்கியின் நிலை வேறு. அது மிகச் சிறந்த நாய், தன் ஊரில். வடகிழக்குச் சைபீரியாவின் சுக்சி மக்கள் பனிச் சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த இனம் அது. 1925 ஆம் ஆண்டில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, 20 வண்டிக்காரர்களும் சுமார் 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி, ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தூரம் மருந்தை ஐந்தரை நாள்களில் கொண்டு சேர்த்தனர். வழியில் குளிர் மைனஸ் 40 டிகிரி அளவுக்கு இருந்தது. (செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா என்று கேட்காதீர்கள், அந்த ஓரிடத்தில் இரண்டும் ஒன்றே.) அந்தக் குளிரில் அதைக் காத்தது இரட்டை மயிர்ப் போர்வை. உள் அடுக்கின் மெல்லிய மயிர்களுக்கிடையே காற்று சிறைப்பட்டிருக்கிறது. அசையாத காற்று அரிதிற் கடத்தி. அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு அம்மாப்பேட்டைத் தெருவில் மே மாதத்தைக் கழிக்கச் சொல்வது என்ன நியாயம்?

"இந்தக் குட்டி சேலத்திலேயே பிறந்தது, வெயில் பழகிவிட்டது" என்று விற்பவர் சொல்வார். பிறந்த ஊர் மயிரின் அமைப்பை மாற்றாது. அது மரபணுவில் எழுதியிருப்பது. உடல் வெப்பத்துக்கு ஓரளவு பழகிக்கொள்ளும் என்பது உண்மைதான். அந்த 'ஓரளவு' எங்கே முடியும் என்பதை நாம் சோதித்துப் பார்க்க நாய் ஒன்றும் ஆய்வகக் கருவியன்று. மயிரை மழித்துவிடலாமே என்றால், அது வெயிலைத் தடுக்கும் கூரையையும் சேர்த்துப் பிரித்தெறிவதாகும். ஏ.சி. போடலாமே? ஒரு டன் ஏ.சி. முழு வீச்சில் ஓடினால் ஏறத்தாழ 1,000 வாட் இழுக்கும். பத்து மணி நேரத்தில் பத்து யூனிட். 40 வாட் நாய்க்கு 1,000 வாட் செலவு! பணம் உள்ளவர்கள் செய்யட்டும் என்றாலும், மின்சாரம் நின்ற பகலில் என்ன செய்வார்கள்? ஆண்டுக்கு நான்கு மாதம் ஓர் அறைக்குள் பூட்டிக்கிடக்க, ஓடப் பிறந்த நாயை ஏன் வாங்க வேண்டும்?

இது என் ஒருவனின் பிடிவாதமன்று. 2024 ஆம் ஆண்டில் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, பக் முதலிய 11 வெளிநாட்டு இனங்களைப் பட்டியலிட்டது. அக்கொள்கையின் பிற பகுதிகள் பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. ஆனால் அந்தப் பட்டியலின் அடிப்படையோடு எந்த இயற்பியலாரும் சண்டையிட முடியாது.

அப்படியானால் நம் நாட்டு இனங்களை வாங்கலாமே என்பீர்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று தமிழ்நாட்டுக்குப் பெருமை சேர்க்கும் இனங்கள் உண்டு. 2005 ஆம் ஆண்டில் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலையே வெளியிட்டார்கள். தேசிய விலங்கு மரபியல் வள அமைப்பு ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்துள்ளது. சிப்பிப்பாறையின் உடலமைப்பைப் பாருங்கள்: ஒட்டிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால்கள், நீண்ட மூக்கு, குட்டை மயிர். எடைக்கு ஏற்றதை விட மேற்பரப்பு அதிகம். காலையிலும் மாலையிலும் காற்று குளிரும்போது சேர்ந்த வெப்பத்தை விரைவில் உதறிவிடும். வெயிலைப் பொறுத்தவரை இதற்கு முழு மதிப்பெண்.

ஆனால் வெயில் மட்டும் போதுமா? சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்டவை. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வேலை போய்விட்டது, போகத்தான் வேண்டும். வேலை போனாலும் கால்கள் போகவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் நாலு ஏக்கர் தோட்டமும் முள்வேலியும் உள்ள குடும்பத்துக்கு அது பொருந்தலாம். ஐந்து ரோட்டுக்கு அருகில் இரண்டு அறை வாடகை வீட்டில் சங்கிலியால் கட்டிப்போட்டால், அதுவும் ஒரு வகையில் ஹஸ்கியின் கதைதான். தேனி மாவட்டத்துக் கோம்பை நல்ல காவல் நாய். விருந்தினர் ஓயாது வந்து போகும் வீட்டுக்கு அது ஒத்துவருமா என்று யோசிக்க வேண்டும்.

ராஜபாளையம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் இருந்தால்தான் அசல் என்று மக்கள் கேட்டார்கள். வளர்ப்பவர்களும் அப்படியே தேர்ந்தெடுத்து இணை சேர்த்தார்கள். ஆனால் தோலுக்கு நிறம் தரும் செல்களின் இனத்தைச் சேர்ந்தவையே உட்காதிலும் இருந்து கேட்கும் திறனுக்கு உதவுகின்றன. அவை அங்கே இல்லாமற்போனால் காது செவிடாகிவிடும். இதனால் இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. நாட்டு இனமாயினும் வெளிநாட்டு இனமாயினும், அழகை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் விலை கொடுப்பது நாய்தான். ராஜபாளையம் குட்டி பார்க்கப் போனால், அது உங்களைப் பார்க்காதபோது பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். திரும்புகிறதா என்று கவனியுங்கள்.

சேலம், நாமக்கல் சமவெளியில் நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்கு எந்த நாய் ஏற்றது என்று என்னைக் கேட்டால், நான் சொல்லும் விடை உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். உங்கள் தெருவிலேயே பிறக்கும் நாட்டு நாய்க்குட்டி. அதற்கு ஜாதிச் சான்றிதழ் இல்லை. அதுவே அதன் பலம். எந்தப் போட்டி நடுவருக்காகவும் அதன் மூக்கை யாரும் குறுக்கவில்லை. நூற்றுக்கணக்கான தலைமுறைகளாக இந்த வெயிலே அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. குட்டை மயிர், நடுத்தர எடை, நீண்ட மூக்கு. பல பரம்பரைகள் கலந்திருப்பதால், நெருங்கிய உறவுக்குள் இணை சேர்த்த இனங்களில் வரும் பிறவிக் குறைகள் குறைவு. "தெருநாயையா வீட்டுக்குள் விடுவது?" என்று உறவினர் முகம் சுளிப்பார்கள். 'பரியா' என்ற சொல்லை ஒரு நாய்க்குப் பெயராக வைத்தவர்கள் ஆங்கிலேயர்கள். மனிதரை இழிவுபடுத்திய சொல்லை நாய்க்கும் ஒட்டிவிட்டுப் போனார்கள். நாம் ஏன் இன்னும் அதைச் சுமக்க வேண்டும்?

இதற்காகத் தெருவில் காணும் குட்டியை உடனே தூக்கிக்கொண்டு ஓடிவிடாதீர்கள். தாய் நாய் பாய்ந்து கடிக்கும். குட்டிக்கு இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். பெரியவர் ஒருவருடன் சென்று, முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில் முதல் முறை, பிறகு மருத்துவர் சொல்லும் நாள்களில். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், அது உங்கள் செல்லக் குட்டியே ஆனாலும், வீட்டில் மறைக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநோய் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. அடி வாங்குவோம் என்று பயந்து சொல்லாமல் விட்ட பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. இது இயற்பியல் அன்று, வெறும் கூட்டல். நாய் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள் வாழும். உங்களுக்கு இப்போது 14 வயது என்றால், அது கிழடாகும்போது உங்களுக்கு 25 தாண்டியிருக்கும். இடையில் பிளஸ் டூ வரும். கோவைக்கோ சென்னைக்கோ விடுதிக்குப் போவீர்கள். அப்போது அதற்குச் சோறு வைப்பது யார்? பெரும்பாலான வீடுகளில் அம்மாவும் பாட்டியும்தான். அப்படியிருக்க, நாய் வாங்கும் பேச்சில் அவர்களை ஏன் யாரும் கேட்பதில்லை? பாட்டிக்கு மூட்டு வலி என்றால், துள்ளித் தள்ளிவிடும் 30 கிலோ லாப்ரடார் அந்த வீட்டுக்கு ஆகாது. அப்பா லாரியில் மாதத்தில் இருபது நாள் வெளியூர் என்றால், காவலுக்குக் குரல் கொடுக்கும் நாய் வேண்டியிருக்கலாம். உங்கள் வீட்டு விடை பக்கத்து வீட்டு விடையாக இருக்க வேண்டியதில்லை.

எல்லாரும் சம்மதித்த பிறகும், சித்திரை, வைகாசியில் குட்டியைக் கொண்டுவர வேண்டாம். ஆடி மழை தொடங்கட்டும். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். நாய்க்கு ஒதுக்கப்போகும் இடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நிழலில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுக் காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு எட்டு மணிக்கு அளவு எடுங்கள். நம் முகத்துக்கு நேரே இருக்கும் காற்றை அன்று, நாய் படுத்திருக்கும் காற்றை அளக்க வேண்டும். அதே இடத்துத் தரையில் புறங்கையை வைத்து ஏழு வரை எண்ணுங்கள். எண்ண முடியாமல் கையை எடுத்தால் அங்கே பாதம் வைக்கவும் முடியாது. ஏற்கெனவே நாய் வளர்ப்பவர்கள், அது அமைதியாகப் படுத்திருக்கும்போது தொடாமல் தள்ளி நின்று, வயிறு ஏறி இறங்குவதை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். நிழலும் தண்ணீரும் இருந்தும் இரவு எட்டு மணிக்கும் அது இரைத்துக்கொண்டிருந்தால், மறுநாள் காலையிலேயே நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். எண்களோடு வருபவரிடம் அவர் நின்று பேசுவார்.